திறந்து மூடிய வயிறு

பத்து நாற்பதுக்குக் கத்தி வைக்க வேண்டும், பதினொன்று இருபதுக்குள் குழந்தை வெளியே வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நாற்பது நிமிடத்தைத் தேர்ந்தெடுத்தவன் சூர்யபிரகாஷ். சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் வீடு அவர்களுடையது. வருஷத்தின் முந்நூற்று அறுபத்தைந்து தாள்களிலும் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் அவன் கண்ணில் ஒரு தடவை பட்ட பிறகுதான் இயந்திரத்துக்குப் போகும். பிழை பார்ப்பது அவன் வேலை. ஜோதிடர் மூன்று நேரம் குறித்துக் கொடுத்தபோது, ஒன்றை அடித்துவிட்டு, மீதி இரண்டில் எது உசத்தி என்று அவரிடமே வாதாடும் அளவுக்கு அவனுக்கு விஷயம் தெரியும்.

ஆவணி மாதத்து வியாழக்கிழமை. நர்சிங் ஹோமின் முதல் மாடியில், ஆபரேஷன் தியேட்டருக்குள் அவன் மனைவி யோகேஸ்வரி; வாசலில் மூன்று பேர் இருந்தார்கள். சூர்யபிரகாஷ் நின்றுகொண்டிருந்தான். அவன் அப்பா ரத்தினசாமியும், மாமியார் பத்திரகாளியும் ஒரே பெஞ்சில் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தச் சுவர்க் கடிகாரம் ரெண்டு நிமிஷம் பிந்துது. உள்ளயும் இதே லட்சணந்தானா?" என்றார் ரத்தினசாமி.

"உள்ள இருக்கது மணி பார்த்து வாரதுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையா சம்பந்தி?" என்றாள் பத்திரகாளி. "நீங்க போடுற காலண்டர அது படிச்சிருக்கவா போகுது?"

"அது படிக்க வேண்டாம்மா. அதுக்குத்தான நாம படிச்சிருக்கோம்."

பத்திரகாளி சிரித்தாள். சூர்யபிரகாஷும் சிரித்தான். மூத்த மகன் ஹரிபிரசாத் நான்கு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று பனிக்குடம் உடைந்து, அவசரமாக வயிற்றைக் கீறி, ராகு காலத்தின் நட்டநடுவில் பிறந்தவன். அவன் டம்ளரைக் கீழே போட்டாலும், காய்ச்சலில் படுத்தாலும், ரத்தினசாமி பெருமூச்சு விட்டு, "பிறந்த நேரம்" என்பார். ஊருக்கே நேரம் அச்சடித்துக் கொடுக்கிற வீட்டில் இப்படி ஒரு பிள்ளை என்பது அவருக்குத் தீராத குறை. இந்தத் தடவை அந்தப் பேச்சுக்கே இடம் இருக்கக் கூடாது என்று சூர்யபிரகாஷ் முடிவு செய்திருந்தான்.

பத்து நாற்பதுக்குத் தியேட்டர் கதவின் மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. பத்து ஐம்பது ஆயிற்று. உள்ளே இருந்து அழுகைச் சத்தம் வரவில்லை. பத்து ஐம்பத்தைந்துக்கு ஒரு நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். போனில் யாரிடமோ, "மேடம் உடனே பேசணுமாம், மதுரை நம்பரைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, இவர்கள் முகத்தைப் பார்க்காமல் திரும்ப உள்ளே போனாள்.

டாக்டர் ஸ்ரீமதி வெளியே வந்தபோது மணி பதினொன்று ஐந்து. அவர் கையில் குழந்தை இல்லை. அவருக்குப் பின்னாலும் யாரும் எதையும் ஏந்தி வரவில்லை.

"குழந்தை நல்லா இருக்கு. துடிப்பு சரியா இருக்கு," என்றார். "யோகேஸ்வரியும் முழிச்சுத்தான் இருக்காங்க. ஆனா நான் குழந்தையை எடுக்கல. வயித்தத் திரும்ப மூடிக்கிட்டிருக்கோம்."

மூன்று பேருக்கும் அது விளங்கவில்லை. ரத்தினசாமிதான் முதலில் எழுந்தார்.

"என்னம்மா சொல்றீக? வயித்தக் கீறிட்டுப் பிள்ளைய எடுக்கலையா?"

"எடுக்கல. எடுத்திருந்தா தாய் இப்ப இருக்க மாட்டாங்க." டாக்டர் முகமூடியைக் கழற்றினார். அவருடைய மேலுதடு வியர்த்திருந்தது. "நஞ்சுக்கொடி கருப்பைக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும். பிள்ளை பிறந்ததும் தானா கழண்டு வந்துரும். இது கழலாது. மூத்த பையன் பிறந்தப்பப் போட்ட தையல் தழும்பு இருக்குல்ல, அது மேலயே உக்காந்து, சுவருக்குள்ள வேர் விட்டு, வெளிப்பக்கம் வரைக்கும் வந்திருக்கு. திறந்ததும் பார்த்தேன். கருப்பை மேல எல்லாம் ரத்தக்குழாய், விரல் தண்டி, நீலமா. அதுல கத்தி பட்டா அஞ்சு நிமிஷத்துல உடம்பு ரத்தம் பூராவும் போயிரும். எங்ககிட்ட இருக்கது ரெண்டு பை."

"அப்ப என்ன செய்யணும்?" என்றாள் பத்திரகாளி.

"மதுரைக்குக் கொண்டுபோகணும். இப்பவே. அங்க டாக்டர் சாலமன்ராஜ்கிட்டப் பேசிட்டேன். நாலஞ்சு டாக்டர்கள், ரத்த வங்கி, எல்லாம் தயாரா இருக்கும்."

ரத்தினசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் கால் மணி நேரம் இருக்கேம்மா. பிள்ளைய மட்டும் எடுத்துட்டு, மீதிய மதுரைல..."

"ஐயா," என்றார் டாக்டர், குரலை உயர்த்தாமல், "மீதி எதுவும் இருக்காது."

பிறகு அவர் சூர்யபிரகாஷின் பக்கம் திரும்பினார். "அஞ்சாம் மாசத்து ஸ்கேன்ல கொடி கீழ இருக்குன்னு எழுதியிருந்தது. பெறகு ஏறிருச்சான்னு உங்ககிட்டக் கேட்டேன். விருதுநகர்ல பார்த்தோம், ஏறிருச்சுன்னு சொன்னாகன்னு சொன்னீங்க. நான் குழந்தையோட தலையும் துடிப்பும் மட்டும் பார்த்துட்டு விட்டுட்டேன். நானே இன்னொரு தடவ பார்த்திருக்கணும், பார்க்கல, அது என் தப்பு. ஆனா விருதுநகர்ல உண்மையிலயே என்ன சொன்னாங்க?"



ஒரு மாதத்துக்கு முன்னால் விருதுநகரில் ஸ்கேன் எடுத்த டாக்டர், கர்ப்பிணியைப் பயமுறுத்த வேண்டாம் என்று அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கொடி ஏறவில்லை, பழைய தழும்புக்குள் ஊடுருவியிருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது, மதுரையில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பிரசவத்தையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், முப்பத்தைந்தாவது வாரமே எடுக்க வேண்டி வரலாம் என்று சொன்னார். அவன் மதுரைக்குப் போன் பண்ணி, முதலில் கேட்டது நேரத்தைத்தான். அங்கே இருந்த பெண், "நாளும் நேரமும் நாங்க சொல்றதுதான் சார். ரத்தம் தயாராகணும், டாக்டர்கள் ஒண்ணு சேரணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கொடி கீழே இருந்தால் தானாக மேலே ஏறிவிடும் என்று அச்சகத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். இருவர் வீட்டிலும் அப்படித்தான் ஏறியிருந்தது. யோகேஸ்வரிக்கு ஒரு சொட்டு ரத்தம் கசியவில்லை. ஒரு வலி இல்லை. ஆடிப்பெருக்கு அன்று புது காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டபோது, அச்சகத்தின் மாடிப்படியை அவள் மூச்சு வாங்காமல் ஏறி வந்து, எல்லோருக்கும் பாயசம் ஊற்றினாள். இவளுக்கா ஆபத்து? இந்த நர்சிங் ஹோமில் கேட்ட நேரம் கொடுத்தார்கள். ஃபைலை அடுக்கும்போது, காலண்டர்க் கட்டுக்குள்ளிருந்து ஒரு பழுது தாளை உருவிப் போடுவதுபோல, அந்த ஒரு தாளை உருவி பீரோவில் போட்டான்.

"ஒரு தாள் இருக்கு," என்றான். "மதுரைக்குப் போகச் சொல்லித்தான் எழுதியிருந்தது. நான்தான் எடுத்து வச்சுட்டேன்."

டாக்டர் முகமூடியை மறுபடி கட்டினார். ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ரத்தினசாமி பெஞ்சில் உட்கார்ந்தார். பத்திரகாளி எழுந்து வந்து, அவனுக்கு மிக அருகில் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தான்.

"என் மகளுக்கு எழுதப் படிக்கத் தெரியும் மாப்ள," என்றாள். "அந்தத் தாள அவகிட்டக் குடுத்திருக்கலாம்."

அதன் பிறகு அன்று முழுவதும் அவள் அவனோடு பேசவில்லை.

ஆம்புலன்ஸ் டிரைவர் முனியராஜ் வண்டியைப் பின்புறமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். ஸ்ட்ரெச்சரை ஏற்றுகிற நேரத்தில் போனை எடுத்தான். இந்தப் பக்கத்து ஆம்புலன்ஸ் டிரைவர் எல்லோரிடமும் ரத்தம் கொடுக்கிறவர்களின் பட்டியல் இருக்கும்; பட்டாசு விபத்துகளுக்காக உண்டான பட்டியல்.

"ஏலே, மதுரைக்கு ஓ பாசிட்டிவ் ஆளு வேணும். பன்னெண்டு பேரு. வேன் பிடிச்சு வாங்க."

அந்தப் பக்கத்துக் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. "எந்தக் கம்பெனிலே? எத்தன பேரு கருகிருக்கு?"

"வெடி இல்லலே. பிரசவம்."

"பிரசவத்துக்கா பன்னெண்டு பேரு?"

"டாக்டரம்மா அப்படித்தான் சொல்றாக. கிளம்புங்க."

வண்டி கிளம்பியது. உள்ளே நர்ஸ் ஜெஸ்லின் யோகேஸ்வரியின் தலைமாட்டிலும், சூர்யபிரகாஷ் கால்மாட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். முதுகில் ஊசி போட்டிருந்ததால் யோகேஸ்வரிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. திருத்தங்கல் தாண்டும் வரை அவள் வண்டியின் கூரையையே பார்த்தாள்.

"ஏங்க, பிள்ள அழவே இல்லையே?"

சூர்யபிரகாஷ் அவள் கால் மேல் கிடந்த போர்வையை இழுத்துவிட்டான்.

"வயித்தத் தொறந்தாக. வலி இல்ல, இழுக்கிறது மட்டும் தெரிஞ்சது. திடீர்னு டாக்டரம்மா, ‘யாரும் எதையும் தொடாதீங்க'ன்னாங்க. அம்புட்டுப் பேரும் அப்படியே நின்னுட்டாக. ஃபேன் சத்தம்கூடக் கேட்டது. பெறகு தைக்க ஆரம்பிச்சுட்டாக. பிள்ள செத்துருச்சா? எங்கிட்டச் சொல்லிருங்க."

"சாகலக்கா," என்றாள் ஜெஸ்லின். "வயித்துக்குள்ளதான் இருக்கு. இந்தா, கேளுங்க." சிறிய கருவி ஒன்றை வயிற்றின் ஓரத்தில், கட்டுக்கு வெளியே வைத்து அழுத்தினாள். குதிரை ஓடுவதுபோல அந்தச் சத்தம் வண்டி முழுவதும் கேட்டது. யோகேஸ்வரியின் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"பின்ன ஏன் எடுக்கல?"

ஜெஸ்லின் சூர்யபிரகாஷைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அவன் சொன்னான். தழும்பு, கொடி, வேர், ரத்தம். டாக்டர் சொன்ன வார்த்தைகளையே திருப்பிச் சொன்னான். யோகேஸ்வரி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இது முன்னாடியே தெரியாதா?"

"தெரியும்."

"யாருக்கு?"

"எனக்கு."

விருதுநகர் மேம்பாலத்தில் வண்டி ஏறி இறங்கியது. அவள் தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு உங்கள மட்டும் உள்ள கூப்பிட்டாகளே. வெளிய வந்ததும் என்னன்னு கேட்டேன். ‘பிள்ள வெயிட்டு நல்லா இருக்கு'ன்னீக."

"ஆமா."

"பெறகு ரெண்டு தடவ கேட்டேன்."

"ஆமா யோகு."

"நான் அன்னைக்கே பஸ் ஏறி மதுரைக்குப் போயிருப்பேன். எங்கம்மாவக் கூட்டிக்கிட்டு." அவ்வளவுதான். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

அவன் போன் அடித்தது. அப்பா. பத்திரகாளியோடு பின்னால் காரில் வந்துகொண்டிருந்தார்.

"ஏலே சூர்யா, ஒன்றரையிலேருந்து ராகு காலம். மூணு மணிக்கு மேல வச்சுக்கிடலாமான்னு அந்த மதுரை டாக்டர்கிட்ட..."

"அப்பா, போனை வைங்க."

"நான் என்ன சொல்றேன்னா..."

அவனே போனை அணைத்தான்.

"யாரு, மாமாவா?" என்றாள் யோகேஸ்வரி. "என்ன சொல்றாக?"

"ராகு காலமாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள். வயிறு குலுங்கியதில் முகம் சுருங்கியது. "என்னச் சிரிக்க வைக்காதீக. தையல் பிச்சுக்கிரும்" என்றாள், சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது. கள்ளிக்குடி தாண்டியபோது மருந்தின் வேகம் குறைந்து வலி தொடங்கியது. ஜெஸ்லின் ஓர் ஊசி போட்டாள். "வேகமா போங்கண்ணே" என்று முன்பக்கம் தட்டினாள். கப்பலூர் டோல்கேட்டில் முனியராஜ் சைரனை நிறுத்தாமல் ஓரப் பாதையில் ஏற்றினான்.

மதுரையில் எல்லாரும் வாசலில் தயாராக நின்றது அவனை இன்னும் பயமுறுத்தியது. டாக்டர் சாலமன்ராஜ் ஐம்பது வயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர்.

"அந்த விருதுநகர் ஸ்கேன் தாள் இருக்கா?"

சிவகாசியில் ஹரிபிரசாத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அழகுமீனாவுக்கு அவன் வழியிலேயே போன் செய்திருந்தான். அவள் பீரோவைத் திறந்து, படம் எடுத்து அனுப்பியிருந்தாள். சாலமன்ராஜ் போனை வாங்கி, எழுத்துகளைப் பெரிதாக்கி, மேலிருந்து கீழே படித்தார்.

"இதுல எல்லாம் இருக்கே," என்றார்.

வேறு எதுவும் கேட்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒப்புதல் படிவத்தை நீட்டினார். யோகேஸ்வரி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள். கருப்பையை அகற்ற வேண்டி வரலாம். சிறுநீர்ப்பை சேதமடையலாம். பெருமளவு ரத்தம் ஏற்ற நேரிடலாம். உயிரிழப்பு ஏற்படலாம். வருஷம் முழுவதும் அச்செழுத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறவனுக்கு, அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தும் அது கண்ணில் நிற்கவில்லை. பேனாவை வைத்து அழுத்தியதில் தாள் கிழிந்தது.

மணி ஒன்று முப்பத்தைந்துக்குக் கதவு மூடிற்று.

இரண்டு மணிக்கு வேன் வந்தது. பதினான்கு பேர். நாரணாபுரத்திலிருந்தும் விஸ்வநத்தத்திலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு அப்படியே ஏறி வந்திருந்தார்கள். சிலருக்கு முழங்கை வரை பட்டாசு மருந்துப் பொடி வெள்ளியாக மின்னியது. ரத்த வங்கியில் பஞ்சால் துடைத்தபோது பஞ்சு சாம்பல் நிறமாயிற்று. இரண்டாவது பஞ்சும் அப்படியே. "போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்று அனுப்பினார்கள். பாண்டிமீனா என்று ஒருத்தி, கை கழுவிவிட்டு வரும் வழியில், சூர்யபிரகாஷ் யார் என்று தெரியாமல் அவனிடமே கேட்டாள்:

"அண்ணே, பிரசவத்துல என்ன இம்புட்டு ரத்தம்? விழுந்துட்டாகளா?"

"இல்ல. கொடி ஒட்டிக்கிருச்சு."

"ஒட்டினா?"

"பிரியாது."

அவள் தன் வயிற்றில் கையை வைத்தாள். "எனக்கும் ரெண்டு ஆபரேசன்தான்," என்றாள். "இப்படியெல்லாம் இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே." பிறகு ரத்தம் கொடுக்கப் போனாள்.

ரத்தப் பைகளைப் பெட்டியில் வைத்து ஓடினார்கள். முதல் தடவை நான்கு. அரை மணி நேரத்தில் மறுபடி நான்கு. மூன்றாவது தடவை ஓடியபோது பத்திரகாளி எண்ணுவதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ரத்தினசாமி எழுந்து போய், ஒரு தூணுக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில் நின்றார். அவர் தோள் குலுங்கியதைச் சூர்யபிரகாஷ் பார்த்தான், அருகில் போகவில்லை.

இதற்கிடையில் ஒரு நர்ஸ் குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனாள். "பெண் குழந்தை. ரெண்டு கிலோ அறுநூறு. மூச்சு கொஞ்சம் பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். மூன்று பேரும் எழுந்தார்கள். ஒரு சிவந்த நெற்றியும், துணிக்கு வெளியே ஒரு விரலும் தெரிந்தன. என்ன நேரத்தில் பிறந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஐந்தரைக்கு சாலமன்ராஜ் வெளியே வந்தார். பத்திரகாளி நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"எம் மக இருக்காளா?"

"இருக்காங்கம்மா. குழந்தையைக் கருப்பையோட உச்சில கீறி எடுத்தோம், கொடி இல்லாத இடத்துல. கொடியைத் தொடவே இல்ல. கருப்பையோட சேர்த்து எடுத்துட்டோம். சிறுநீர்ப்பையும் கொஞ்சம் ஒட்டியிருந்தது, தச்சிருக்கோம். பதினோரு பை ரத்தம் போயிருக்கு. இன்னைக்கு ராத்திரி தாண்டணும். தாண்டுவாங்கன்னு நினைக்கிறேன்." பிறகு சூர்யபிரகாஷைப் பார்த்தார். "சிவகாசி டாக்டர் கை வைக்காம மூடினாங்க பாருங்க. அதுக்குப் பெரிய தைரியம் வேணும். அங்கேயே எடுத்து, கொடியை ஒரு இழு இழுத்திருந்தா, என்கிட்டக் கொண்டுவர இவங்க இருந்திருக்க மாட்டாங்க."

சூர்யபிரகாஷ் தலையாட்டினான். பதினொன்று இருபதுக்குள் எடுத்தாக வேண்டும் என்று முந்தின நாள் அதே டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை அழுத்திச் சொல்லியிருந்தான். அவர் அவன் சொல்லைக் கேட்டிருந்தால்? அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பாட்டிலை வாங்கியவனுக்கு அதன் மூடியைத் திருகத் தெரியவில்லை.

அந்த ராத்திரி தாண்டியது. மறுநாளும் தாண்டியது. மூன்றாம் நாள் காலையில், மூச்சுக்காக வாயில் வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டு, ஐந்து நிமிஷம் பார்க்கலாம் என்று அவனை உள்ளே விட்டார்கள்.

யோகேஸ்வரியின் முகம் ஊதி வெளுத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. அவன் கட்டிலருகே வந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"எடுத்துட்டாகளா?" குரல் கரகரத்தது.

"எடுத்துட்டாக. பொம்பளப் பிள்ள."

"அத நர்சு சொல்லிட்டாக. நான் கேட்டது அதில்ல."

அவனுக்குப் புரிந்தது. "கருப்பையவும் எடுத்துட்டாக யோகு. இல்லாட்டி..."

"இல்லாட்டி என்ன?"

"நீ இருந்திருக்க மாட்ட."

மூன்று நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த வார்த்தை. வாய்விட்டுச் சொன்னது இப்போதுதான். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவள் கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"இனிமே என் உடம்பப் பத்தி ஒரு சேதின்னா, மொதல்ல எனக்குச் சொல்லணும்," என்றாள். "உங்களுக்கில்ல."

"சரி."

"சரின்னு சொன்னாப் போதாது. டாக்டரக் கூப்பிடுங்க. என்னென்ன எடுத்தாக, எங்கன தச்சாக, இன்னும் என்ன வரும், எல்லாத்தையும் அவர் எங்கிட்டச் சொல்லட்டும். நீங்க வெளிய இருங்க."

அவன் போய் சாலமன்ராஜைக் கூட்டி வந்தான். அவர் உள்ளே போனதும் கதவு மூடிற்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றான். டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு தாளின் பின்பக்கம் ஏதோ வரைந்து அவளுக்குக் காட்டினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கி, அந்தப் படத்தில் ஓர் இடத்தைத் தொட்டு எதையோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். அவள் மறுபடியும் கேட்டாள்.